இட்லி எப்போது காலைப் பலகாரம் ஆனது?

மார்ச் 30ஆம் தேதியை உலக இட்லி தினமாகக் கொண்டாடுகிறார்கள். சென்னையில் இட்லித் தொழில் செய்யும் இனியவன் முன்கை எடுத்து 2015இல் தொடங்கியது இது. அந்த நாள் வந்தால் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஒரு பழைய வழக்கைத் தூசி தட்டி எடுத்துவிடும். இட்லி யாருடையது? கன்னடக்காரர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நூல் ஒன்றைக் காட்டுவார்கள். தமிழர்கள் காஞ்சிபுரத்துப் பெருமாளைச் சாட்சிக்கு அழைப்பார்கள். நடுவில் ஒருவர் எழுந்து, அது இந்தோனேசியாவிலிருந்து வந்தது என்று சொல்லி இரு தரப்பையும் கடுப்பேற்றுவார். வழக்கு சுவையானதுதான். ஆனால் அதில் யார் வென்றாலும் நமக்குத் தெரியவருவது ஒரு பண்டத்தின் பெயர் முதலில் எந்த ஏட்டில் ஏறியது என்பது மட்டுமே. அதை யார் தின்றார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை தின்றார்கள், யார் அரைத்தார்கள் என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. ஏட்டில் இட்லிக்கு ஆயிரம் வயது. தமிழ்நாட்டின் பொதுவான காலை உணவாக அதற்கு நூறு வயதுகூட நிரம்பவில்லை. இந்த இரண்டு வயதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை ஓயாமல் நடக்கிறது.

முதலில் ஏடுகளைப் பார்த்துவிடலாம். சிவகோட்டியாச்சாரியர் ஏறத்தாழ 920இல் எழுதியதாகக் கருதப்படும் ‘வட்டாராதனே’ என்ற கன்னட நூலில், வீட்டுக்கு வந்த பிரம்மச்சாரிக்கு ஒரு பெண் பரிமாறும் பதினெட்டு வகைகளுள் ‘இட்டலிகெ’யும் ஒன்று. பெயர் இருக்கிறது, செய்முறை இல்லை. நூறாண்டு கழித்து, 1025 வாக்கில் இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய ‘லோகோபகார’த்தில் செய்முறையும் வருகிறது. உளுந்தை மோரில் ஊறவைத்து நைய அரைத்து, தெளிந்த தயிர்நீரும் சீரகம், கொத்துமல்லி, மிளகு, பெருங்காயமும் சேர்க்கச் சொல்கிறது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் 12ஆம் நூற்றாண்டில் உருவான ‘மானசோல்லாசம்’ என்ற சமஸ்கிருத நூலிலும் உளுந்துப் பண்டமாகவே இது வருகிறது. செய்முறை தரும் இந்த இரண்டு இடங்களிலும் அரிசியைக் காணோம். இன்றைய இட்லியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் அரிசிதான். மாவை இரவெல்லாம் புளிக்கவிடும் வழக்கத்துக்கும் இவற்றில் தெளிவான சான்று இல்லை. ஆகவே கன்னட ஏடுகள் நிரூபிப்பது பெயரின் தொன்மையையும், இன்றைய இட்லிக்கு ஒன்றுவிட்ட உறவான ஓர் உளுந்துப் பலகாரத்தின் தொன்மையையும்தான். தமிழ் தரப்பு இதைவிடப் பின்தங்கியிருக்கிறது. உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா காட்டும் தமிழ்ச் சான்று 17ஆம் நூற்றாண்டின் மச்சபுராணத்துக்கு முன்னால் போகவில்லை.

இந்தோனேசியக் கருத்தைக் கிளப்பியவரும் அதே அச்சயாதான். அவர் உணவு வேதியியல் படித்தவர்; ஏட்டில் பெயரைக் கண்டதும் திருப்தியடையும் ஆள் அல்ல. அரிசி சேர்த்தல், நீண்டநேரம் புளிக்கவைத்தல், ஆவியில் வேகவைத்தல் என்று மூன்று நுட்பங்களைப் பிரித்துவைத்து, மூன்றும் பழைய செய்முறைகளில் இல்லை என்று காட்டினார். ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இந்தியாவில் இல்லை என்று 7ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். புளிக்கவைப்பதில் கைதேர்ந்த இந்தோனேசியத் தீவுகளிலிருந்து, அங்கிருந்த இந்து அரசர்களோடு வந்த சமையற்காரர்கள் 800க்கும் 1200க்கும் இடையில் இந்த நுட்பத்தைக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஊகித்தார். அவர் ஊகமாகச் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் உண்மையாக்கிவிட்டார்கள். பிரித்துப் பார்த்த முறை அருமையானது, எட்டிய முடிவு பலவீனமானது. ஆவியில் வேகவைக்கத் தனிப்பாத்திரம் எதற்கு? வாயகன்ற பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் வாயில் துணியைக் கட்டினால் போதும். மதுரைக்காஞ்சி மோதகம் விற்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. மண் சுமந்து பிட்டு வாங்கிய இறைவனைத் திருவாசகம் பாடுகிறது. ஒரு கிழவி பிட்டு விற்றுப் பிழைக்கும் ஊரில், ஆவிச் சமையலைக் கடல் கடந்து வந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சீனத்துப் பயணி தம் ஊர்ப் பாத்திரத்தைத் தேடியிருப்பார். பானையின் வாயில் கட்டிய துணி அவர் கண்ணில் பாத்திரமாகப் பட்டிருக்காது.

பாலக்காட்டை அடுத்த ராமசேரியில் இன்றும் அந்தப் பழைய முறையைப் பார்க்கலாம். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்ததாகச் சொல்லும் முதலியார் குடும்பங்கள், மண் வளையத்தில் கயிற்று வலை பின்னி, அதன்மேல் துணி விரித்து, மாவைத் தட்டையாக ஊற்றி வேகவைக்கிறார்கள். குழித்தட்டு தேவைப்படவில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அமுது செய்விக்கும் இட்லியோ இன்னொரு வகை. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைத்து, நீண்ட உருளையாக எடுத்து வில்லைகளாக அறுக்கிறார்கள். லோகோபகாரத்துச் செய்முறையின் மிளகும் சீரகமும் இதில் அப்படியே இருக்கின்றன. நம் வீட்டு வெள்ளை இட்லியில்தான் அவை இல்லை. பழைய உளுந்துப் பலகாரத்துக்கும் இன்றைய இட்லிக்கும் நடுவில் ஒரு கட்டத்தைக் குடலை இட்லி காட்டுகிறது என்று கொள்வதில் தவறில்லை. அப்படியானால் பிறப்பிடம் என்று ஓர் ஊரைச் சுட்டுவதே பொருந்தாது. உளுந்தை அரைத்துச் செய்யும் பலகாரம் ஒரு பக்கம், அரிசியை ஆவியில் வேகவைக்கும் பழக்கம் இன்னொரு பக்கம், மாவைப் புளிக்கவிடும் பழக்கம் மற்றொரு பக்கம். தென்னிந்தியாவின் பல அடுக்களைகளில் இவை வெவ்வேறு காலத்தில் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. குஜராத்தில் அரிசியும் உளுந்தும் புளிக்கவைத்துத் தட்டில் வேகவைக்கும் ‘இடடா’ இருப்பதும் இந்தக் கலப்பு ஒரே இடத்தில் நடக்கவில்லை என்பதற்கே சாட்சி.

ஆனால் கோயிலும் ஏடும் பேசுவது யாருடைய வயிற்றைப் பற்றி? 16ஆம் நூற்றாண்டுத் திருமலைக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி என்று பட்டியல் பட்டியலாகப் பலகாரக் கட்டளைகள் உண்டு. எத்தனை படி அரிசி, எவ்வளவு நெய், யாருக்கு எவ்வளவு பங்கு என்றெல்லாம் கணக்காக எழுதியிருப்பார்கள். பங்கு பெறுகிறவர்கள் கோயில் பணியாளர்களும் கட்டளை வைத்தவர்களும் மடத்தவர்களும். கோயிலுக்குள்ளேயே வர முடியாதவர்கள் அன்று ஊரில் எத்தனை பேர் என்பதை நினைத்தால், பிரசாதப் பட்டியலை மக்கள் உணவுப் பட்டியலாக வாசிப்பது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கும். அரசன் பெயரால் எழுதப்பட்ட மானசோல்லாசம் அரண்மனைச் சமையலைச் சொல்கிறது. வட்டாராதனேயில் வருவது விருந்து. விருந்துக்கும் பூசைக்கும் ஒரு பண்டம் வருகிறதென்றால், அது அன்றாடத்தில் இல்லை என்றே அர்த்தம்.

ஏன் அன்றாடத்தில் இல்லை என்பதற்கு விடை அரைப்பில் இருக்கிறது. வேகவைக்கக் கால்மணி நேரம்கூட ஆகாத இந்தப் பண்டத்துக்கு அதற்கு முன்னால் எத்தனை வேலை! முதல்நாளே அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறப்போட வேண்டும். கறுப்பு உளுந்தாக இருந்தால் ஊறியபின் தோலைக் கசக்கிக் களைந்தெடுக்க வேண்டும். பிறகு ஆட்டுக்கல். வலக்கை குழவியைச் சுழற்ற, விளிம்புக்கு ஏறும் மாவை இடக்கை குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஒரு நொடி பிந்தினால் விரல் நசுங்கும். உளுந்துக்குத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் மாவு பொங்காது. கைநீராகத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். ஒரு சொட்டு மாவை எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அதை வழித்தெடுத்துவிட்டு அரிசியைப் போட்டால் அது வேறு சுபாவம். கல்லோடு முரண்டு பிடிக்கும், குழவி கனக்கும். அதைக் குருணைப் பதத்தில் நிறுத்த வேண்டும். இரண்டையும் உப்புப் போட்டுக் கையாலேயே கலந்து, பொங்கி வழியாதபடி பாதிப் பானைக்கு நிரப்பி மூடி வைத்து, கல்லைக் கழுவி, கழுவிய நீரையும் வீணாக்காமல் எடுத்துவைத்தால் வேலை முடிந்தது. ஏழெட்டுப் பேர் உள்ள வீட்டுக்கு இது ஒரு பெண்ணின் மாலைப்பொழுதை முழுசாக விழுங்கிவிடும். வயலிலிருந்து பொழுது சாய்ந்து திரும்புகிறவளிடம் அந்த மாலைப்பொழுது கிடையாது. அரிசியும் உளுந்தும் இருந்தாலே போதாது, அரைக்கக் கையும் வேண்டும்.

அரிசியே எத்தனை வீட்டில் இருந்தது? காவிரிப் படுகையையும் தாமிரபரணிக் கரையையும் ஏரிப்பாசன ஊர்களையும் தள்ளிவிட்டால், கொங்கும் கரிசல் காடும் தருமபுரி, சேலம் பக்கங்களும் கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை, வரகைச் சாப்பிட்டு வாழ்ந்தவை. காலையில் கூழோ கஞ்சியோ, மதியம் களியோ கம்பஞ்சோறோ. நெல் விளையும் ஊரிலும் உழைப்பாளிக்குக் காலையில் பழைய சோறும் நீராகாரமும்தான். இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலை ஒட்டிய நாட்களுக்கும் மாப்பிள்ளை வரவுக்கும் உரியது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லியும் கறிக்குழம்பும் தின்பது தீபாவளிக்கே உரிய இன்பமாகப் பல சாதியினரிடம் இன்றும் தங்கியிருப்பதற்குக் காரணம், அது ஒருகாலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்த இன்பம் என்பதுதான். தமிழ்நாட்டுக்கு வெளியே இன்னொரு சான்று இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழர் வீடுகளில் பிட்டும் இடியப்பமுமே அன்றாடம். தோசைகூட வரும், இட்லி அவற்றுக்குப் பின்னால்தான் நிற்கும். காலைச் சாப்பாடு என்றால் இட்லி என்பது தமிழரின் பழைய பொதுச்சொத்தாக இருந்திருந்தால், பழமையைப் பல வகைகளில் கட்டிக்காத்த யாழ்ப்பாணம் இதை மட்டும் எப்படி விட்டிருக்கும்?

இங்கே ஒரு மறுப்பு வரும். ‘எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே தினம் இட்லிதான்’ என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. தஞ்சை ஜில்லாவின் மிராசுதார் வீடுகளிலும் நகரத்துப் பிராமண, வேளாள வீடுகளிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இட்லி அடிக்கடி வந்துபோயிருக்கலாம். அந்த வீடுகளில் நெல் சொந்தம். ஆட்டுக்கல்லடியில் உட்காரக் கூலிக்கு ஆளோ, கூட்டுக் குடும்பத்தின் மருமகளோ, விதவையான ஓர் அத்தையோ இருந்தார்கள். அமாவாசை, கிருத்திகை போன்ற நாட்களில் ஒரு வேளைச் சோற்றைத் தவிர்த்துப் பலகாரம் பண்ணும் ஆசாரமும் கைகொடுத்தது. ஆக, அந்தக் குடும்ப நினைவு என் வாதத்தை மறுப்பதைவிட அதற்கு அரண் செய்கிறது. இட்லி எங்கே அன்றாடம் ஆனதோ அங்கெல்லாம் அரைக்கும் கை இன்னொருவருடையதாக இருந்தது. பின்னால் நடந்ததும் இதே விதிப்படிதான். யார் அரைத்தார்கள் என்பது மாற மாற, யார் தின்றார்கள் என்பதும் மாறியது.

முதல் மாற்றம் காப்பியோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ் மத்தியதர வர்க்கம் காப்பிக்கு அடிமையான கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். காலையில் காப்பி நுழைந்ததும் பழைய சோறு அந்த வர்க்கத்துக்கு அநாகரிகமாகிப் போனது. காப்பிக்கு முன்னால் தின்ன ஈரமில்லாத, இலையில் ஒழுகாத, கையை அதிகம் அழுக்காக்காத ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. காப்பி கிளப்புகள் அதைக் கொடுத்தன. வக்கீல் குமாஸ்தாவும் கல்லூரி மாணவனும் ரயில் பயணியும் காசு கொடுத்தால் இரண்டு இட்லி தட்டில் வந்துவிழும். உடுப்பியிலிருந்து வந்தவர்கள் இந்தத் தொழிலைப் பெரிதாக்கினார்கள். 1920களில் சென்னை ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் ஓட்டல் நடத்தத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், பிறகு மவுண்ட் ரோட்டுக்கும் உட்லண்ட்ஸுக்கும் வளர்ந்தவர், சமையற்கட்டில் எடுபிடியாக வேலையைத் தொடங்கியவர்தான். ஓட்டலின் பின்கட்டில் விடியற்காலைக்கு முன்பே எழுந்து மாவாட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே சரக்கு மாஸ்டர். வீட்டில் ஒரு பெண்ணின் மாலைப்பொழுதாக இருந்த உழைப்பு ஓட்டலில் சம்பள வேலையாக மாறி, பத்து வீட்டு மாவை ஒருவன் ஒரே மூச்சில் ஆட்டினான். இட்லியைச் சரக்காக்கியது அவன் தோள்தான். 1924இல் தொடங்கப்பட்ட பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்ஸ், இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பட்டபோது ரவையில் இட்லி செய்து ரவா இட்லியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறது. பர்மாவை ஜப்பான் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. அதனால் கதை நம்பக்கூடியதே. அரிசி இல்லையென்றாலும் இட்லி என்ற பெயரில் ஏதாவது விற்றாக வேண்டும் என்ற நிலைக்கு ஓட்டல் தொழில் அதற்குள் வந்துவிட்டது என்பது நமக்கு முக்கியம்.

ஓட்டல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ‘பிராமணாள்’ என்ற பலகை வெறும் விளம்பரமாக மட்டும் இல்லை. தனி இடம், தனிப் பந்தி என்ற ஏற்பாடு பல ஊர்களில் நடைமுறை. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்தது 1924-25இல் தமிழக அரசியலையே புரட்டிப்போட்டது. ஒரு பந்திக்குப் பலகாரம், மறு பந்திக்குப் பழைய சோறு என்ற குற்றச்சாட்டைத் திராவிட இயக்கத்தார் பிற்பாடும் விடாமல் சொல்லிவந்தார்கள். காலையில் என்ன தின்கிறாய் என்பதே ஒருவன் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும் காலம் அது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர், மற்றவர் என்ற பிரிவு பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல் ஒழிந்தது. திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கக் கோரி 1957இல் நடந்த மறியல் மாதக்கணக்கில் நீண்டது. இவற்றைச் சாதி ஒழிப்பு வரலாற்றின் பக்கங்களாகப் படித்திருக்கிறோம். உணவு வரலாற்றின் பக்கங்களாகவும் படிக்கலாம். இட்லித் தட்டு எந்த மேசைக்கெல்லாம் போகலாம் என்பதை அந்தப் போராட்டங்கள் தீர்மானித்தன.

இந்தக் கதையில் உடுப்பிக்காரர்களுக்கு மட்டும் மாலை போட்டுவிட்டால் அநியாயம். பலகை மாட்டாத இட்லிக் கடைகள் தெருவோரத்தில் இருந்தன. கணவனை இழந்தவளோ, குடிகாரனைக் கட்டிக்கொண்டவளோ, திண்ணையில் ஓர் அடுப்பும் துணி விரித்த தட்டும் வைத்து விடியலில் இட்லி ஊற்றினாள். அவளுடைய முதலீடு வீட்டிலிருந்த ஆட்டுக்கல். கூலியில்லாத உழைப்பு அவளுடைய தோள். மில் தொழிலாளியும் வண்டிக்காரனும் சந்தைக்கு வந்தவனும் அவளிடம் தின்றார்கள். மதுரை, கோவை போன்ற ஆலை நகரங்களில் முதல் ஷிப்டுக்குப் போகிறவனுக்கு வீட்டில் எதுவும் ஆகியிருக்காது, ஓட்டலுக்குப் போகக் காசும் கட்டாது. இப்படி அன்றாடப் பசிக்கு இட்லியைப் பழக்கியதில் இந்தப் பெண்களின் பங்கு ஓட்டல் முதலாளிகளின் பங்குக்குக் குறைந்ததல்ல. ஏட்டில் பெயர் ஏறாத காரணத்தால் இட்லி தினப் பேச்சுகளில் அவர்கள் வருவதில்லை.

பாத்திரமும் மாறியது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்வதைத் தொடங்கிவைத்தார். பித்தளையைவிட விலை குறைந்த அலுமினியம் ஏழை வீட்டுக்குள் நுழைய அதுவே வாசல். ஆனாலும் குழித்தட்டு மலிந்தால் மட்டும் இட்லி மலிந்துவிடாது. அரைக்கும் சுமை அப்படியே இருந்தது. அதை இறக்கிவைத்த ஊர் கோயம்புத்தூர். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் அங்கே பஞ்சாலைகள் பெருகின. அவற்றோடு வார்ப்பட ஆலைகளும் மோட்டார், பம்புசெட் பட்டறைகளும் பெருகின. அருகில் ஊத்துக்குளிப் பக்கம் நல்ல கருங்கல். மோட்டாரும் கல்லும் அதைக் கொத்தத் தெரிந்த கையும் ஒரே வட்டாரத்தில் இருந்தபோது, 1955இல் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரில் ஓட்டினார். குழவி நிற்க, கல் சுற்றியது. மனுசக் கை செய்ததைத் தலைகீழாக்கிய அந்த ஒரு யோசனையில்தான் கிரைண்டர் பிறந்தது. முதலில் ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். வீடுகளுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. முதலில் வசதியான வீடு, பிறகு தெருவுக்கு ஒருவர் கிரைண்டர் வைத்துப் படிக்கு இவ்வளவு என்று அரைத்துக்கொடுக்கும் தொழில். இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருள். காஞ்சிப்பட்டுக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் கிடைத்த அதே மரியாதை ஒரு மாவரைக்கும் எந்திரத்துக்குக் கிடைத்திருப்பது பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

அதே காலத்தில் அரிசியும் இறங்கிவந்தது. 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 போன்ற ரகங்கள் வந்தன, பிறகு ஐ.ஆர். 20. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு அண்ணா 1967 தேர்தலைச் சந்தித்தார். சென்னையிலும் கோவையிலும் ஒரு படியாவது போட்டார்கள். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது, ரேஷன் கடை ஊருக்கு ஊர் வேரூன்றியது. கம்பங்காட்டு ஊர்களிலும் அரிசி அன்றாடமானது. ரேஷனில் வரும் பருமனான புழுங்கலரிசியைச் சோறாக்க முகம் சுளித்தவர்கள், இட்லிக்கு அதைவிட நல்ல அரிசி இல்லை என்று கண்டுகொண்டார்கள். கடைகளில் ‘இட்லி அரிசி’ என்ற பெயரில் குண்டு அரிசி தனி மூட்டையாக நிற்கும் வழக்கம் வந்ததே, சோற்றுக்கு ஓர் அரிசி, இட்லிக்கு ஓர் அரிசி என்று வாங்குமளவுக்கு இட்லி அன்றாடமான பிறகுதான். கூழிலிருந்து இட்லிக்கு மாறியதில் சத்து குறைந்தது என்று இன்றைய சிறுதானிய ஆர்வலர்கள் வருந்துவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கூழ் குடித்தவர்கள் அதைச் சத்துக்காகக் குடிக்கவில்லை, வேறு வழியில்லாமல் குடித்தார்கள். வழி கிடைத்ததும் முன்பு மிராசுதார் வீட்டில் மட்டும் தின்றதைத் தாங்களும் தின்றார்கள்.

2011 சட்டமன்றத் தேர்தலைத் தமிழ் உணவு வரலாற்றின் ஒரு மைல்கல் என்று சொன்னால் சிரிப்பு வரலாம். தி.மு.க. கிரைண்டர் அல்லது மிக்சி இலவசம் என்றது, அ.தி.மு.க. இரண்டும் தருகிறேன், மின்விசிறியும் தருகிறேன் என்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் விநியோகம் தொடங்கியது. ‘இலவசம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது’ என்று எழுதிய கைகளில் ஆட்டுக்கல் காய்ப்பு இருந்திருக்காது. ஓர் அரசு வாக்குக்காக எதைக் கொடுக்கிறது என்பது, அந்தச் சமூகத்தில் பெண்களின் எந்தச் சுமை கனமானது என்று அரசியல்வாதிகள் கணித்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் சான்று. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். வேகவைத்துப் பரிமாறியவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். திண்ணையில் இட்லி ஊற்றியவளின் தொழில் மாநகராட்சிச் சம்பளத்துக்கு மாறியிருந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி என்பதைவிட, கூலிக்காரரின் காலைச் சாப்பாடு என்றால் இட்லிதான் என்று அரசு யோசிக்காமலே முடிவெடுத்ததுதான் எனக்கு வியப்பு. நூறாண்டுக்கு முன்னால் அந்த இடத்தில் கஞ்சித்தொட்டிதான் இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது. பண்டம் பழையது, நுட்பம் பழையது. தின்றவர் எண்ணிக்கை கூடியதை மட்டும் வைத்து அதை 20ஆம் நூற்றாண்டுக்குரியது என்பது சரியா? நுட்பம் பழையது என்பதை மறுக்கவே முடியாது. மாவு பொங்குவதற்குக் காரணம் லியூகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று 1965இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது உளுந்தோடு தானே வருகிறது. ஈஸ்ட் போட வேண்டியதில்லை. உளுந்தின் கொழகொழப்பும் புரதமும் அது வெளிவிடும் வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டியவளுக்கு இது எதுவும் பெயராகத் தெரியாது, கையாகத் தெரியும். அந்த அறிவுக்கு எத்தனை நூற்றாண்டு வயது கொடுத்தாலும் தகும். ஆனால் ஒரு பண்டத்தின் வரலாறு அதைச் செய்யத் தெரிந்தவர்களின் வரலாறு மட்டுமல்ல. செய்யத் தெரிந்தும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே செய்ய முடிந்தவர்களும் அதில் உண்டு. ஏட்டை மட்டும் வைத்து எழுதினால் அவர்கள் முற்றிலும் விடுபட்டுப் போவார்கள்.

எந்திரம் வந்தும் தீராத ஒன்று நேரம். கல் சுற்றுவதை வேகமாக்கலாம், பாக்டீரியாவை விரட்ட முடியாது. கார்த்திகை, மார்கழிக் குளிரில் இன்றும் மாவு ஏறாது. பொட்டலத்தில் அடைத்த ஈரமாவை மளிகைக் கடையில் வாங்குகிற இன்றைய வீடு, அரைக்கும் கையோடு காத்திருக்கும் இரவையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறது. 2022ஆம் ஆண்டு, அதே அண்ணா பிறந்தநாளில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் உப்புமா இருந்தது, கிச்சடி இருந்தது, பொங்கல் இருந்தது, இட்லி இல்லை. விடிந்தும் விடியாமலும் அடுப்பைப் பற்றவைத்து, மணியடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பரிமாறியாக வேண்டிய சமையலறைக்கு முதல்நாளே ஊறப்போட்டு, அரைத்து, இரவெல்லாம் காத்திருந்து, தட்டுத் தட்டாக அவிக்கும் பண்டம் இன்னும் கட்டுப்படியாகவில்லை.